பகல் தீவட்டியும் பாவுக்கூழும்

கேள்வி: எனக்கு வயது 46. கூட்டுறவு வங்கி ஒன்றில் பணிபுரிகிறேன். ஆறு ஆண்டுகளுக்கு முன் சமய தீட்சை பெற்றேன். அன்று முதல் புலால் உண்பதில்லை. காலை நாலரை மணிக்கு எழுந்து நீராடி, திருநீறணிந்து, ஐந்தெழுத்து ஓதிப் பூசை முடித்த பிறகே தண்ணீர் அருந்துகிறேன். எங்கள் ஊர்த் திருமுறை முற்றோதல் குழுவை மூன்று ஆண்டுகளாக நான்தான் நடத்துகிறேன். மாதக் கடைசி ஞாயிறு கோயிலைத் துப்புரவு செய்யும் உழவாரப்பணிக்கும் தவறுவதில்லை. கணவர் மீன் இல்லாமல் சாப்பிடமாட்டார் என்பதால் பாத்திரங்களைத் தனியாகப் பிரித்துவிட்டேன். 74 வயதான மாமியார் ஆடி மாதத்தில் அம்மனுக்குக் கூழ் ஊற்றுவார். "சென்று நாம் சிறுதெய்வம் சேர்வோம் அல்லோம்" என்று அப்பர் பெருமானே பாடியிருக்கிறாரே என்று அவரிடம் எடுத்துச் சொன்னேன். அவர் மறுமொழி சொல்லவில்லை. கடந்த ஆடியில் பக்கத்து வீட்டு அடுப்பில் கூழ் காய்ச்சினார். குழுவுக்குப் புதிதாக வந்த ஒரு பெண் "தோடுடைய செவியன்" பதிகத்தை மோகன ராகத்தில் பாடத் தொடங்கியபோது நடுவிலேயே நிறுத்தி, இதற்குரிய பண் நட்டபாடை, மாற்றிப் பாடுவது அபசாரம் என்றேன். அவர் பிறகு வரவே இல்லை. சென்ற மாதம், பதினோராம் வகுப்புப் படிக்கும் என் மகள், "அம்மா, நீ சாமி கும்பிட ஆரம்பிச்சதிலேருந்து வீட்ல எல்லாரும் உனக்குப் பயந்துக்கிட்டே இருக்கோம்" என்றாள்.

அன்றிலிருந்து பணிவைப் பயில முயல்கிறேன். "அடியேன்" என்று சொல்லிக்கொள்கிறேன், கடைசி வரிசையில் அமர்கிறேன், அன்னதானத்தில் எச்சில் இலை எடுக்கிறேன். ஆனால் இலை எடுக்கும்போதே யார் பார்க்கிறார்கள் என்று கண் தேடுகிறது. அதை எண்ணி வெட்கப்படுகிறேன். வெட்கப்படும் அளவுக்கு நுட்பமாக என்னைக் கவனிக்கிறேனே என்று மறுகணமே மனம் மகிழ்கிறது. இந்த ஆணவத்தை ஒழிப்பது எப்படி? பூசையையும் குழுவையும் சிறிது காலம் நிறுத்திவிடலாமா? பணிவு என்பதற்காகத் தவறைத் தவறென்று சொல்லாமல் இருந்துவிட வேண்டுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மயிலாடுதுறைப் பகுதி

பதில்:

அன்புள்ள அம்மையீர், வணக்கம்.

ஆறு பக்கக் கடிதத்தை இங்கே சுருக்கித்தான் வெளியிட முடிந்தது. ஆனால் முழுவதையும் மூன்று முறை படித்தேன். 22 ஆண்டுகளாகச் சைவ சித்தாந்த வகுப்பு நடத்தி வருகிறேன். இந்தக் கேள்வியோடு என்னிடம் வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மற்றவருடைய ஆணவத்தை என்ன செய்வது என்று கேட்டு வருகிறவர்களுக்குத்தான் குறைவில்லை.

முதலில் சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். "ஆணவம் பிடித்தவன்" என்று தெருவில் ஒருவரைச் சொல்லும்போது நிமிர்ந்த தலையையும் தடித்த பேச்சையும் கருதுகிறோம். சித்தாந்தம் அந்தச் சொல்லை வேறு ஆழத்தில் ஆள்கிறது. செம்பில் களிம்பு போலவும் நெல்லில் உமி போலவும் உயிரைத் தொன்றுதொட்டுப் பற்றியிருக்கும் மலம் (அழுக்கு) என்று வகுப்பில் படித்திருப்பீர்கள். களிம்பும் உமியும் கண்ணுக்குத் தெரிகிறவை என்பதால் அந்த உவமைகள் நம்மைச் சற்று ஏமாற்றவும் செய்கின்றன. புளி போட்டு அழுத்தித் தேய்த்தால் போய்விடும் என்று நினைத்துக்கொள்கிறோம். 14ஆம் நூற்றாண்டில் தில்லையில் வாழ்ந்த உமாபதி சிவம் தம் சித்தாந்த நூலான திருவருட்பயனின் மூன்றாம் அதிகாரத்தில் இதை இன்னும் கூர்மையாகச் சொல்கிறார்:

ஒருபொருளும் காட்டாது இருள்உருவம் காட்டும்
இருபொருளும் காட்டாது இது.

இருட்டறையில் நிற்பவனுக்கு அங்கே இருக்கும் பொருள் எதுவும் தெரியாது. ஆனால் இருட்டாயிருக்கிறது என்பதாவது தெரியும், ஆகவே விளக்கைத் தேடுவான். ஆணவ இருளோ பிற பொருளையும் காட்டாது, தன்னையும் காட்டாது. அதனுள் நிற்பவனுக்குத் தான் நல்ல வெளிச்சத்தில் நிற்பதாகவே தோன்றும்.

இந்தக் குறளை ஏற்றுக்கொண்டால், நீங்கள் ஒரு மாதமாகச் செய்துவரும் முயற்சி ஏன் சுற்றிச் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே வந்து நிற்கிறது என்பது விளங்கிவிடும். எச்சில் இலை எடுக்கும் கையைக் கவனிக்கிறீர்கள். பிறகு கவனிக்கும் மனத்தைக் கவனிக்கிறீர்கள். அந்தக் கவனிப்பை மெச்சும் மனத்தையும் பிடித்துவிட்டதாக மகிழ்கிறீர்கள். எத்தனை படி இறங்கினாலும் பேச்சு உங்களைப் பற்றியதாகவே இருக்கிறது. இலை யாருடையது, சாப்பிட்டவர் வயிறு நிறைந்ததா, அடுத்த பந்திக்குச் சோறு போதுமா என்ற எண்ணம் எந்தப் படியிலும் குறுக்கிடவில்லை. இதை உங்கள் குறையாகச் சொல்லவில்லை. தன்னைத்தானே காட்டாத ஒன்றைத் தனக்குள்ளேயே உற்றுப் பார்த்துப் பிடிக்க முயன்றால் எவருக்கும் இதுதான் நேரும். அது வெளியேதான் தெரியும், அதுவும் பிறருக்குத்தான் தெரியும். ஆகவே இந்த வேட்டையை நிறுத்திவிடுங்கள். இன்று எத்தனை முறை அகங்காரம் வந்தது என்று இரவில் கணக்கெழுதும் வழக்கத்தையும் (கடிதத்தின் நான்காம் பக்கத்தில் அதைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள்) விட்டுவிடுங்கள்.

அந்தக் குறளைப் பாடியவருடைய வாழ்க்கையிலேயே இதற்கு ஒரு நிகழ்ச்சி இருக்கிறது. மரபுவழி வரும் செய்தி, நீங்களும் கேட்டிருக்கலாம். உமாபதி சிவம் தில்லைவாழ் அந்தணர். வேத ஆகமங்களில் வல்லவர். நடராசப் பெருமானைத் தொட்டுப் பூசிக்கும் உரிமை உடையவர். ஒருநாள் பூசையை முடித்துக்கொண்டு சிவிகையில் வீடு திரும்புகிறார். அவருக்குரிய மரியாதையாக முன்னே வாத்தியம் முழங்குகிறது. வெயில் அடிக்கும் பகலிலேயே தீவட்டி பிடித்துப் போகிறார்கள். வழியில் திண்ணையில் அமர்ந்து மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்த மறைஞான சம்பந்தர் இதைப் பார்த்துவிட்டு, "பட்ட கட்டையில் பகற்குருடு போகிறது" என்றாராம். பட்ட கட்டை என்பது சிவிகை செய்த உலர்ந்த மரம். பகலிலும் விளக்குத் தேவைப்படுகிற கண்ணுக்குப் பகற்குருடு என்று பெயர். காதில் விழுந்ததுதான் தாமதம், உமாபதியார் சிவிகையிலிருந்து குதித்து அவர் பின்னாலேயே போய்விட்டார்.

நான் இந்தக் கதையில் நெடுநேரம் நிற்கும் இடம் ஒன்று உண்டு. அன்று காலை உமாபதியார் செய்த பூசையில் ஒரு குறையும் சொல்லப்படவில்லை. மந்திரம் பிழைக்கவில்லை, நியமம் தவறவில்லை. அவ்வளவு முறையாகச் செய்த பூசையும், அத்தனை ஆண்டுக் கல்வியும், தீவட்டி வெளிச்சத்தில் போகும் தம் நிலையை அவருக்குக் காட்டவில்லை. திண்ணையில் இருந்த ஒருவர் வாயிலிருந்துதான் அது வந்தது. சொன்னவர் யார், தம்மை அப்படிச் சொல்ல அவருக்குத் தகுதி உண்டா, இத்தனை பேர் நடுவில் சொல்லலாமா என்றெல்லாம் அவர் விசாரித்துக்கொண்டிருக்கவில்லை.

உங்கள் மகள் சொன்னது உங்களுக்கு வந்த "பட்ட கட்டை" வாக்கியம். பதினாறு வயதுப் பெண்ணின் வாயில் அது வந்தது என்பதற்காகக் குறைவாக மதிக்க வேண்டாம். நீங்கள் மதித்ததனால்தான் இந்தக் கடிதமே எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அந்த வாக்கியத்தைக் கேட்டதும் உங்கள் கண் மறுபடியும் உங்கள் பக்கமே திரும்பிவிட்டது. பணிவில்லாதவளாக இருக்கிறேனே என்றுதான் பதறினீர்கள். அவள் சொன்னதோ வேறு: பயந்துகொண்டே இருக்கிறோம் என்றாள். எதற்குப் பயம், எந்த நேரத்தில் பயம், சாப்பாட்டுக்கு முன் பதிகம் ஓதச் சொல்லும்போதா, மாதவிலக்கு நாட்களில் அறைக்கு வெளியே நிறுத்தப்படும்போதா, தேர்வுக்குப் படிக்கிற நேரத்தில் மணியோசை கேட்கும்போதா? நீங்கள் கேட்டதாகக் கடிதத்தில் இல்லை. கேளுங்கள். கேட்டுவிட்டு விளக்கம் கொடுக்காமல் இருங்கள். மன்னிப்பு என்று நீளமாக ஒரு சொற்பொழிவு செய்துவிடவும் வேண்டாம். குழந்தைகள் அதற்கும் பயப்படுவார்கள்.

மாமியார் பற்றிய செய்திதான் என்னை அதிகமாகத் தொந்தரவு செய்தது. ஆகவே அதற்குச் சற்று இடம் எடுத்துக்கொள்கிறேன்.

"சென்று நாம் சிறுதெய்வம் சேர்வோம் அல்லோம்" என்ற அடியை எடுத்துக்காட்டியிருக்கிறீர்கள். அந்த அடி எங்கே வருகிறது என்று பார்ப்போம். "நாமார்க்கும் குடியல்லோம் நமனை அஞ்சோம்" என்று தொடங்கும் மறுமாற்றத் திருத்தாண்டகத்தில் வருகிறது. பல்லவ மன்னன் அனுப்பிய அமைச்சர்கள் அழைத்துப் போக வந்து நின்றபோது அப்பர் பாடியதாகப் பெரியபுராணம் கூறும் பதிகம் அது. படைபலமும் தண்டிக்கும் அதிகாரமும் உடையவர்கள் எதிரே நிற்கையில், தன்னந்தனியாக இருந்த முதியவர் ஒருவர் தமக்காகப் பாடிக்கொண்டது. "சேர்வோம் அல்லோம்" என்று தம்மைத்தான் சொன்னார். நீங்கள் சேராதீர்கள் என்று எவரையும் பார்த்துச் சொல்லவில்லை. அந்த அடியை நீங்கள் எடுத்து, உங்கள் வீட்டில், உங்கள் சமையலறையில், உங்களுக்கு மறுமொழி சொல்லத் துணியாத 74 வயதுப் பெண்மணியிடம் பேசியிருக்கிறீர்கள். அதிகாரத்துக்கு எதிரே பாடிய பாட்டை அதிகாரத்தோடு பாடிவிட்டீர்கள்.

நீங்கள் சாத்திரம் படித்தவர் என்பதால் சாத்திரத்திலிருந்தே ஒன்று சொல்கிறேன். மெய்கண்டாரின் மாணவர் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில், "யாதொரு தெய்வம் கொண்டீர் அத்தெய்வம் ஆகி ஆங்கே மாதொரு பாகனார் தாம் வருவர்" என்கிறார். நீங்கள் எந்தத் தெய்வத்தைக் கொண்டாலும் அந்தத் தெய்வமாக உமையொரு பாகனே வருவான் என்று பொருள். அதே பாட்டில் மற்றத் தெய்வங்கள் பிறப்பு இறப்புக்கு உட்பட்டவை என்றும் சொல்வார், மறைக்கவில்லை. ஆனால் கூழ்ப்பானைக்கு முன் வேப்பிலையோடு நிற்கிற முதியவளிடம் எதைச் சொல்வது, எதைத் தனக்குள் வைத்துக்கொள்வது என்பதில் அந்தப் பாட்டின் முதல் அடி போதுமான வழி காட்டுகிறது. நாம் வழக்கமாக நமக்கு வசதியான அடியை மட்டும் மனப்பாடம் செய்கிறோம். இதில் நானும் விலக்கில்லை.

உமாபதியார் கதையை நான் பாதியில் விட்டேன். சிவிகையிலிருந்து குதித்தவர் மறைஞான சம்பந்தரைத் தொடர்ந்து போனார் அல்லவா? மறைஞான சம்பந்தர் நெசவாளர் தெருவுக்குள் நுழைந்தார். அங்கே பாவு நூலுக்குப் பூசக் கூழ் காய்ச்சி வைத்திருந்தார்கள். பசிக்கிறது என்று அவர் இரண்டு கைகளையும் குவித்து நீட்ட, அவர்கள் அந்தக் கூழையே வார்த்தார்கள். அவர் குடிக்கும்போது முழங்கை வழியே ஒழுகியதைக் கீழே கையேந்தி உமாபதியார் வாங்கிக் குடித்தார், குருப்பிரசாதம் என்று. காலையில் ஆகம முறைப்படி நிவேதனம் செய்த கை அது. இந்தச் செயலுக்காகத் தில்லை அந்தணர்கள் அவரை ஒதுக்கிவைக்க, சிதம்பரத்தை ஒட்டிய கொற்றவன்குடியில் போய்த் தங்கினார். நீங்களும் நானும் படிக்கிற திருவருட்பயன் அந்தக் கூழைக் குடித்தவர் பாடியது.

உங்கள் வீட்டுக் கூழ் கேழ்வரகும் நொய்யும் சேர்ந்தது. முருங்கைக்கீரையும் கருவாட்டுக் குழம்பும் உடன் வைப்பார்கள், உங்களுக்கு அதுதான் இடிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கருவாட்டை நீங்கள் தொட வேண்டாம். தீட்சையின்போது ஏற்ற நியமம் அது, அதைக் கைவிடச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் வரும் ஆடியில் அடுப்பு உங்கள் வீட்டிலேயே எரியட்டும். முடிந்தால் முதல்நாள் இரவு கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்க வைக்கும்போதே அருகில் இருங்கள். எதையும் விளக்க வேண்டாம், அம்மன் யார், சிவசக்தி தத்துவம் எது என்று தாராள மனத்தோடு இணைத்துக் காட்டவும் வேண்டாம். அதுவும் உயரத்திலிருந்து பேசுவதுதான். திருக்காளத்தியில் பூசை செய்த சிவகோசரியாருக்கு, வேடர் திண்ணனாரின் (கண்ணப்ப நாயனாரின்) அன்பைக் கனவில் எடுத்துச் சொன்ன இறைவன், ஒளிந்து நின்று பார் என்றார். ஆகமம் அறிந்த அந்த அந்தணரை இறைவன் கடிந்துகொள்ளவில்லை, அவருடைய பூசையைத் தள்ளவும் இல்லை. நாள்தோறும் சந்நிதியில் இறைச்சியும் எலும்பும் கிடப்பதைக் கண்டு பதறி, கழுவித் துடைத்து, மறுபடியும் பூசித்து வந்த மனிதரை, ஒரே ஒருநாள் மறைவில் நின்று வேறொருவருடைய அன்பைப் பார்க்கச் செய்தார். திண்ணனார் என்ன செய்யப் போகிறார் என்பதை முன்கூட்டிச் சொல்லவும் இல்லை.

நான் இப்படிப் பார்க்க நேர்ந்த ஒரு நாளைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் முப்பது பேர் கொண்ட குழுவோடு ஒரு பழங்கோயிலில் உழவாரப்பணி செய்தோம். பிராகாரத்துப் புல்லைச் செதுக்கினோம். விளக்குகளைப் புளி போட்டுத் துலக்கினோம். பதாகைக்கு முன் நின்று படம் எடுத்துக்கொண்டோம். முடிவில் நான் அப்பரின் உழவாரத்தைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினேன். அந்தப் பேச்சில் எத்தனை "அடியேன்" வந்தது என்று பிறகு ஒரு மாணவர் சிரித்துக்கொண்டே சொன்னார், பதினொன்று. வண்டி ஏறிய பிறகு மூக்குக் கண்ணாடியை மறந்தது நினைவுக்கு வர, தனியாகத் திரும்பிப் போனேன். கோயிலில் தினமும் கூட்டுகிற அம்மாள், அறுபது வயது இருக்கும், நாங்கள் செதுக்கிக் குவித்த புல்லைக் கோமுகையின் வாயிலிருந்து கையால் அள்ளிக்கொண்டிருந்தார். நீர் போகும் வழியை அடைத்துவிட்டுப் போயிருக்கிறோம். மடைப்பள்ளிக்குப் பின்னால் எங்கள் காகிதக் குவளைகளும் இலைகளும் கிடந்தன. நான் நிற்பதைப் பார்த்து, "நீங்க வந்துட்டுப் போனா மறுநா வேலை கொஞ்சம் கூடங்க சாமி" என்றார். குறையாகச் சொல்லவில்லை, மழை வந்தால் சேறாகும் என்று சொல்வது போலச் சொன்னார். நானும் குனிந்து இரண்டு கை புல் அள்ளினேன். "உங்களுக்கு எதுக்குங்க" என்று வாங்கிக்கொண்டார். வீட்டுக்கு வந்து அந்தக் குழுப்படத்தைப் பார்த்தேன். அந்த அம்மாள் அதில் இல்லை.

அதன்பின் எனக்குப் பணிவு வந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். உழவாரப்பணிக்குப் போனால் கூட்டுகிறவர்களிடம் முதலில் எங்கே என்ன செய்ய வேண்டும் என்று கேட்கும் பழக்கம் வந்தது. கடைசியில் குப்பையை அவர்கள் காட்டும் இடத்தில் போட்டுவிட்டு வருகிறோம். நான் பேசும் நேரமும் பதினைந்து நிமிடமாகக் குறைந்தது. அவ்வளவுதான்.

கணவர் விஷயத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன். பாத்திரம் தனியாக இருப்பதில் தவறில்லை. திலகவதியாரை நினைத்துப் பாருங்கள். சமணராகிவிட்ட தம்பி (பின்னாளில் அப்பர்) சூலை நோயால் துடித்துத் தம் சமையற்காரரை அனுப்பி அழைத்தபோது, அந்த மடத்துக்குத் தாம் வர இயலாது என்று சொல்லிவிட்டார். தம் நிலையில் உறுதியாக இருந்தார். ஆனால் அதே தம்பி இரவோடிரவாகத் திருவதிகைக்கு வந்து காலில் விழுந்தபோது, அன்றே நான் சொன்னேனே என்று ஒரு சொல் அவர் வாயிலிருந்து வந்ததாகச் சேக்கிழார் பாடவில்லை. திருநீறு கொடுத்தார், விடியுமுன் அலகும் மெழுக்கும் தோண்டியும் எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் புறப்படும்போது உடன் அழைத்துப் போனார். உறுதி வேறு, முகச்சுளிப்பு வேறு. உங்கள் கடிதத்தில் கணவர் ஐந்து இடங்களில் வருகிறார். ஐந்திலும் மீனோடுதான் வருகிறார். இருபது ஆண்டுகளாக உடன் வாழ்கிறவரைப் பற்றிச் சொல்ல வேறு எதுவும் இல்லையா? மேலும், வலையில் படும் மீன்களில் ஒன்றை நாள்தோறும் சிவனுக்கென்று கடலில் விட்ட நாகப்பட்டினத்துப் பரதவர் அதிபத்தர் அறுபத்து மூவரில் ஒருவர். சுந்தரர் அவருக்கும் தம்மை அடியேன் என்கிறார். குழுவில் திருத்தொண்டத்தொகை ஓதும்போது அந்த அடி வருகிற இடத்தில் நீங்களும் அதைச் சொல்லித்தான் இருக்கிறீர்கள்.

இரண்டாவது கேள்வி: நிறுத்திவிடலாமா? வேண்டாம். காரைக்காலை ஒட்டிய திருத்தருமபுரத்தில் நடந்ததைப் பெரியபுராணத்தில் படித்திருப்பீர்கள். திருஞானசம்பந்தர் பதிகங்களுக்குத் திருநீலகண்ட யாழ்ப்பாணர் யாழில் இசைப்பதனால்தான் அவற்றுக்குப் புகழ் என்று அவருடைய சுற்றத்தார் பேசினார்கள். யாழ்ப்பாணர் அதைக் கேட்டு நடுங்கி, யாழில் அடங்காத ஒரு பதிகம் பாடியருள வேண்டும் என்று தாமே விண்ணப்பித்தார். "மாதர் மடப்பிடி" பிறந்தது. யாழ் பின்தொடர முடியாமல் தடுமாற, இந்தக் கருவியால்தானே இந்தப் பேச்செல்லாம் வந்தது என்று யாழ்ப்பாணர் அதை உடைக்க ஓங்கினார். சம்பந்தர் தடுத்து வாங்கி, இறைவன் புகழெல்லாம் ஒரு கருவிக்குள் அடங்குமா, வந்த அளவு வாசியுங்கள் என்ற கருத்தில் சொல்லித் திருப்பிக் கொடுத்தார். யாழ்ப்பாணர் கடைசிவரை அதே யாழை வாசித்துக்கொண்டு உடன் போனார். உங்கள் பூசை அந்த யாழ். பிழை அதில் இல்லை என்பதால் அதை உடைத்துப் பயனும் இல்லை. வேண்டுமானால் ஒரு மாற்றம் செய்யுங்கள்: பூசை நேரத்தில் மகள் எதையாவது கேட்டு வந்தால் கையை அசைத்து விலக்காமல், எழுந்து போய்க் கொடுத்துவிட்டு வந்து விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். குழுப் பொறுப்பை ஆறு மாதத்துக்கு வேறு ஒருவர் பார்க்கட்டும். காரணம் சொல்ல வேண்டாம், விலகல் கடிதம் எழுத வேண்டாம். தன்னடக்கத்தோடு எழுதப்பட்ட விலகல் கடிதங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவை பெரும்பாலும் இரண்டு பக்கத்துக்கு மேல் இருக்கும்.

தவறைச் சொல்லலாமா என்ற மூன்றாவது கேள்வி நியாயமானது. பணிவு என்ற பெயரில் வாயை மூடிக்கொள்வது பெரும்பாலும் சோம்பல், சில சமயம் கோழைத்தனம். குழுப்பணத்தில் கணக்கு இடித்தால் எல்லோர் முன்னும் சொல்லத்தான் வேண்டும். யாரோ பாடாத பாட்டைத் தேவாரம் என்று அச்சிட்டால் எழுதி மறுக்கத்தான் வேண்டும். அந்தப் பெண் பாடியதோ வேறு வகை. நட்டபாடை என்று நீங்கள் சொன்னது சரி. சொன்ன நேரமும் இடமும்தான் சரியில்லை. பாதிப் பதிகத்தில் நிறுத்தப்பட்டவருக்கு அன்று நட்டபாடையா காதில் விழுந்திருக்கும்? பாடி முடித்த பின் தனியாக அழைத்து உடன் பாடிக் காட்டியிருந்தால் இரண்டு வாரத்தில் கற்றிருப்பார். அந்தப் பண் நமக்கு வந்த வழியையும் எண்ணிப் பாருங்கள். தேவார ஏடுகள் கிடைத்த பிறகு பண் தெரியாமல், திருமுறைகளைத் தொகுத்த நம்பியாண்டார் நம்பியும் மன்னனும் எருக்கத்தம்புலியூருக்குப் போய், யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணைப் பாடச் சொல்லிக் கேட்டுத்தான் வகுத்துக்கொண்டார்கள் என்று திருமுறை கண்ட புராணம் கூறுகிறது. அரசனும் அறிஞரும் வாய்மூடி அமர்ந்து கேட்ட பாட்டு அது.

அந்தப் பெண்ணின் வீட்டுக்கு ஒருநாள் போய் வாருங்கள். பிரசாதப் பையோடு போக வேண்டாம், குழுவுக்கு மீண்டும் அழைக்கும் நோக்கத்தோடும் போக வேண்டாம். அந்த மோகனம் அவருக்கு யாரிடமிருந்து வந்தது என்று கேளுங்கள். தாயார் பாடியதாக இருக்கலாம், பள்ளியில் கற்றதாக இருக்கலாம். முழுப் பதிகத்தையும் அந்த மெட்டிலேயே பாடச் சொல்லிக் கேட்டுவிட்டு வாருங்கள்.

கடைசியாக ஒரு சிறு விண்ணப்பம். ஆறு பக்கக் கடிதத்தில் நீங்கள் எழுந்த நேரம், ஓதிய உரு எண்ணிக்கை, அமர்ந்த வரிசை எல்லாம் இருக்கின்றன. கடந்த ஆடியில் உங்கள் மாமியார் அந்தப் பானையைப் பக்கத்து வீட்டுக்கு எப்படித் தூக்கிக்கொண்டு போனார், யார் கைகொடுத்தார்கள், கூழ் ஊற்றி முடித்துத் திரும்பி வந்தபோது உங்களுக்கென்று ஒரு சொம்பில் கொண்டுவந்தாரா என்பது எதிலும் இல்லை. அடுத்த கடிதத்தில் அதை எழுதுங்கள்.